எண்ணூர்க் கழிமுகப் படம்: 242 பேண்டில் உபயோகமான தகவல் எவ்வளவு?

கழிமுகம் | ஞாயிறு, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் இருந்து எழுதுகிறேன். எம்.டெக். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு எண்ணூர்க் கழிமுகத்தை எடுத்திருக்கிறேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் அலையாத்தி எங்கே, அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு எங்கே, சாதாரணச் சேறு எங்கே என்று ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் படத்தை (ஒளியை நூற்றுக்கணக்கான அலைநீளத் துண்டுகளாகப் பிரித்து எடுக்கும் படம், ஒவ்வொரு துண்டும் ஒரு பேண்ட்) வைத்துப் பிரிக்க வேண்டும். அமெரிக்காவின் யுஎஸ்ஜிஎஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஹைபீரியன் என்ற செயற்கைக்கோள் கருவி எடுத்த படம் ஒன்றை இறக்கி, வளிமண்டலத் திருத்தம் செய்து வைத்திருக்கிறேன். 242 பேண்ட், 30 மீட்டர் பிக்சல்.

242ஐயும் கட்டிக்கொண்டு அழ முடியாது, தகவல் அதிகமுள்ள பேண்டுகளை மட்டும் எடுத்துக்கொள் என்று கைடு சொன்னார். சரி என்று ஒவ்வொரு பேண்டுக்கும் ஷானன் என்ட்ரோபி (தகவலைப் பிட்டில் சொல்லும் அளவு) போட்டேன். பேண்டை 0 முதல் 255 வரை நீட்டி, ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பு எத்தனை பிக்சலில் என்ற கணக்கு) எடுத்து, அதிலிருந்து பிட் கணக்கு. பிறகு அதிக என்ட்ரோபி வந்த முதல் இருபது பேண்டுகளைத் திறந்து பார்த்தால், ஒன்றில்கூட ஆறு தெரியவில்லை. பழைய டிவியில் சேனல் போய்விட்டால் புள்ளி புள்ளியாக வருமே, அப்படி இருக்கிறது. எல்லாம் 1400 நானோமீட்டர் பக்கமும் 1900 பக்கமும் உள்ள பேண்டுகள். கரையும் தண்ணீரும் பளிச்சென்று பிரிந்து தெரியும் 860 பக்கத்துப் பேண்ட், பட்டியலில் எங்கேயோ கீழே கிடக்கிறது.

புரோகிராம் கோடை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். எங்கே தவறு செய்கிறேன்?

பேண்ட்196 | ஞாயிறு, இரவு 11.25

உன் கோடில் தவறு இருக்காதும்மா. என்ட்ரோபியிடம் நீ கேட்டதற்கு அது சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது.

ஷானன் 1948இல் கொடுத்த அந்த அளவு, அடுத்து வரப்போகும் எண்ணை ஊகிப்பது எவ்வளவு கடினம் என்பதை மட்டும்தான் சொல்லும். இரைச்சலை யாராலும் ஊகிக்க முடியாது, ஆகவே அதற்குத்தான் அதிக மதிப்பெண். 860இல் தண்ணீர் முழுக்க ஏறக்குறைய ஒரே கருப்பு, நிலம் இன்னொரு பக்கம் ஒரு குவியல். ஊகிக்க எளிது, அதனால் குறைந்த பிட்.

ஒரு கேள்வி. ஹிஸ்டோகிராம் எடுத்தது ரேடியன்ஸிலா (சென்சாருக்கு வந்து சேர்ந்த ஒளி), திருத்தம் செய்த ரிஃப்ளெக்டன்ஸிலா (விழுந்த ஒளியில் தரை திருப்பி அனுப்பிய பங்கு)? ரிஃப்ளெக்டன்ஸ் என்றுதான் நினைக்கிறேன். 1400இலும் 1900இலும் காற்றில் உள்ள நீராவி வெயிலை ஏறக்குறைய முழுக்கக் குடித்துவிடும். எண்ணூர் மாதிரி ஈரக்காற்று அடிக்கும் கடற்கரையில் கேட்கவே வேண்டாம். சென்சாருக்குத் திரும்பி வருவது ஒன்றுமில்லை. ரேடியன்ஸில் பார்த்தால் அந்த பேண்டுகளில் எண்கள் பூஜ்யத்தைச் சுற்றியே இருக்கும். ரிஃப்ளெக்டன்ஸ் ஆக்கும்போது அந்தப் பூஜ்யத்தை இன்னொரு பூஜ்யத்தால் வகுக்கிறாய், இரைச்சல் மலை மாதிரி ஊதிவிடுகிறது. அதற்கு மேல் நீ 0–255 நீட்டல் வேறு செய்திருக்கிறாய். அதனால் ஒரு பேண்டில் ஒரு படி என்பது எவ்வளவு ஒளி என்ற கணக்கே அழிந்துபோயிற்று.

ரேடியன்ஸுக்குத் திரும்பிப் போ. 242 பேண்டில் அளவு சரிபார்த்துக் கொடுத்தவை 198தான். ஹைபீரியனுக்குள் உள்ள இரண்டு ஸ்பெக்ட்ரோமீட்டரின் அலைநீளங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடத்தில் இரட்டிப்பைக் கழித்தால் 196. (என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். இந்தக் கருவியோடு பல வருஷம் குடித்தனம்.) அதிலும் நீராவி பேண்டுகளைத் தள்ளு.

அப்புறம் கணக்கை மாற்று. படத்தில் இருக்கும் மொத்த என்ட்ரோபியில் இருந்து இரைச்சலின் என்ட்ரோபியைக் கழி. தரை சொன்னது எவ்வளவு என்பதற்கு மீதிதான் கணக்கு. இரைச்சலைக் காஸியன் (மணி வடிவப் பரவல்) என்று எடுத்துக்கொண்டால் அதன் பங்கு, சிக்மாவை (சராசரியைச் சுற்றி எண்கள் சிதறும் அளவு, திட்ட விலக்கம்) 4.13ஆல் பெருக்கி, 2ஐ அடியாகக் கொண்டு லாக் எடுத்தால் வரும் எண். சிக்மா 1 என்றால் 2.05 பிட். 2 என்றால் 3.05. இரைச்சல் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் ஒரு முழு பிட் அதற்கே போய்விடுகிறது.

ராயபுரம் லோக்கல் | திங்கள், காலை 6.15

சார் சொன்னதில் ஒரு பாதியை நான் பிடித்துக்கொள்கிறேன். படச் சுருக்கம்தான் என் வேலை, அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கழித்தல் சரி. ஆனால் எதிலிருந்து கழிப்பது? ஹிஸ்டோகிராம் என்ட்ரோபியில் இருந்து கழித்தாலும் தப்புதான். தங்கச்சி, ஒரு சோதனை செய்து பார். உன் 860 பேண்டின் பிக்சல்களை எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போட்டுவிட்டு மறுபடி என்ட்ரோபி எடு. ஒரு புள்ளிகூட மாறாது. ஆறு போய்விட்டது, கரை போய்விட்டது, பிட் அப்படியே நிற்கிறது. பக்கத்துப் பிக்சலோடு உள்ள உறவும் பக்கத்துப் பேண்டோடு உள்ள உறவும் ஹிஸ்டோகிராமுக்குத் தெரியாது.

என் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்றவர். சின்ன வயதில் விடியற்காலை ஏலத்துக்கு என்னையும் கூட்டிப்போவார். விசைப்படகு இன்ஜின், ஐஸ் உடைக்கும் சத்தம், நாலு இடத்தில் நாலு ஏலம். ஏலக்காரர் ஆயிரம், ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு என்று ஏற்றிக்கொண்டே போவார். அடுத்தது ஆயிரத்து முந்நூறு என்று அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். அம்மா அந்த நேரமெல்லாம் கூடையில் உள்ள வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். குரல் எங்கே நின்றதோ அங்கே மட்டும் சட்டென்று தலையைத் திருப்புவார். வரிசையாக ஏறும் எண்ணில் புதுச் செய்தி கிடையாது, நின்ற இடத்தில்தான் உண்டு.

இழப்பில்லாமல் சுருக்கும் மென்பொருள் செய்வதும் அதே வேலைதான். பக்கத்துப் பிக்சலையும் முந்தைய பேண்டையும் வைத்து இந்த எண் என்னவாக இருக்கும் என்று முதலில் ஊகிக்கும். ஊகம் தவறிய அளவை மட்டும் எழுதி வைக்கும். ஹைப்பர்ஸ்பெக்ட்ரலில் அடுத்தடுத்த பேண்டுகள் 10 நானோமீட்டர் இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன, 850 தெரிந்தால் 860ஐ ஏறக்குறைய சொல்லிவிடலாம். அதனால் சாதாரண ஜிப் போதாது, பேண்டுகளுக்குக் குறுக்கே ஊகிக்கும் முறை வேண்டும். விண்வெளி அமைப்புகள் சேர்ந்து 2012இல் கொண்டுவந்த சிசிஎஸ்டிஎஸ் 123 என்ற தரம் இதற்கென்றே செய்தது. அதில் போட்டு வரும் கோப்பின் அளவைப் பிட்டாக்கி, மொத்த எண்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள். படத்தின் உண்மையான என்ட்ரோபிக்கு அது ஒரு மேல் எல்லை. அதிலிருந்து இரைச்சலைக் கழி.

உதாரணத்துக்கு ஒரு பேண்ட் ஒரு பிக்சலுக்கு 6.2 பிட்டுக்குச் சுருங்குகிறது, சிக்மா 4 என்று வைத்துக்கொள். இரைச்சல் மட்டும் 4.05 பிட். தரை சொன்னது 2.15. அந்தப் பேண்டுக்கு டிஸ்கில் 16 பிட் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பேண்ட்196 | திங்கள், காலை 9.50

மேல் எல்லை என்று ராயபுரம் தம்பி சரியாகச் சொன்னார். எவ்வளவு மேலே என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊகிக்க உதவும் பேண்டிலும் இரைச்சல் உண்டு. ஒரு பேண்டில் இருந்து அதே அளவு இரைச்சலுள்ள இன்னொன்றைக் கழித்தால், மிச்சத்தில் இரண்டு பேருடைய இரைச்சலும் சேர்ந்து நிற்கும். வேரியன்ஸ் (சிக்மாவின் வர்க்கம்) இரட்டிப்பு, அதாவது அரை பிட் கூடுதல். அந்த அரை பிட்டைத் தரையின் கணக்கில் எழுதிவிடாதே. ஒரே பேண்டை நம்பாமல் நாலைந்து பேண்டின் சராசரியை வைத்து ஊகித்தால் இது குறையும்.

கழிமுகம் | புதன், இரவு 9.10

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கலைத்துப் போட்டுப் பார்த்தேன் அண்ணா, கடைசி தசமம் வரை அதே எண் வந்தது. பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ரேடியன்ஸில் எல்லாம் மறுபடி செய்தேன். இரைச்சலுக்குக் கரையில் இருந்து தள்ளி, கடலில் 20க்கு 20 பிக்சல் கட்டம் ஒன்று எடுத்து அதன் சிக்மாவை எல்லாப் பேண்டுக்கும் வைத்தேன். முதல் படத்தில் வந்த குப்பை இப்போது இல்லை. சிவப்பு முடிந்து அகச்சிவப்பு தொடங்கும் 700–750 பக்கம் நல்ல மதிப்பு வருகிறது, அது அலையாத்தி இலையால் என்று புரிகிறது. ஆனால் புரியாத இரண்டு: வெள்ளை மணல் உள்ள இடங்களில் தகவல் எக்கச்சக்கமாக வருகிறது. அப்புறம் 2000க்கு மேலே சில பேண்டுகளில் கண்ணுக்குத் தெரிவது செங்குத்துக் கோடுகள்தான், ஆனால் கணக்கு அங்கே நிறைய தகவல் இருப்பதாகச் சொல்கிறது.

கொருக்குப்பேட்டை டீச்சர் | புதன், இரவு 10.30

நான் ரிமோட் சென்சிங் ஆள் இல்லை, கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். மணலுக்குப் பதில் எனக்குத் தெரியும்.

ஒளி துகள் துகளாக வருகிறது, சென்சார் அதை எண்ணுகிறது. எண்ணிக்கை கூடினால் அதன் ஏற்ற இறக்கமும் வர்க்கமூலத்தின் விகிதத்தில் கூடும். இருட்டான கடலில் எடுத்த சிக்மாவை வெயிலில் மின்னும் மணலுக்கு வைத்தால், அங்கே உள்ள இரைச்சலைக் குறைத்து மதிப்பிடுகிறாய், மிச்சமெல்லாம் தகவல் என்ற பெயரில் வந்து சேரும். வேரியன்ஸை, ஒளியின் அளவோடு ஏறும் ஒரு பகுதி, மாறாத ஒரு பகுதி என்று இரண்டாகப் பிரித்து எழுது. இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று பல இடங்களில் சின்னச் சின்னக் கட்டங்கள் எடுத்து, சராசரிக்கு எதிரே வேரியன்ஸை வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். கடல் கட்டத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள் மா. அலையில் வெயில் பளபளத்தால் அந்த மினுக்கமும் உன் சிக்மாவில் ஏறியிருக்கும்.

பேண்ட்196 | புதன், இரவு 11.05

கோடுகளுக்கு நான். ஹைபீரியன் துடைப்பம் மாதிரித் தள்ளிக்கொண்டே போகும் கருவி. படத்தின் ஒவ்வொரு நெடுக்குவரிசையையும் ஒரு தனி டிடெக்டர் எடுக்கிறது, ஒவ்வொன்றின் அளவும் சற்று வேறு. இரைச்சலை நீ மேலிருந்து கீழே, ஒரே வரிசையில் அடுத்தடுத்த பிக்சலைக் கழித்து எடுத்தால் அந்த வித்தியாசம் சிக்மாவில் வராது. ஒரே டிடெக்டர் அல்லவா? இடமிருந்து வலமாகக் கழித்தால் வரும். முதல் வழியில் கோடு தரையின் கணக்கில் ஏறும், இரண்டாவது வழியில் இரைச்சலின் கணக்கில் ஏறும். இரண்டு திசையிலும் சிக்மா எடுத்து வித்தியாசத்தைப் பார். பெரிதாக இருக்கும் பேண்டுகளில் கோடுகளை எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இன்னொன்று. வரைபடத்தில் உட்கார வைக்கத் திருப்பி அடுக்கிய படத்தில் இந்த வேலையைச் செய்யாதே. திருப்பும்போது பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து புது எண் செய்கிறார்கள், இரைச்சல் மழுங்கிப்போகும். கணக்கில் படம் அபாரமாகத் தெரியும்.

கொருக்குப்பேட்டை டீச்சர் | வியாழன், மாலை 5.45

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. இதுவரை எல்லோரும் சென்சாரின் பக்கம் நின்று பேசுகிறோம். தரையில் இருந்து எத்தனை பிட் வந்தது என்று. கழிமுகம் கேட்ட கேள்வி அது இல்லையே. அவளுக்கு வேண்டியது அலையாத்தியா, சாம்பல் சேறா, சாதாரணச் சேறா என்ற ஒரு பதில்.

மூன்று வகையும் சம அளவில் இருந்தால் அந்தப் பதிலின் என்ட்ரோபி 1.58 பிட். அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு உதவக்கூடிய தகவல் உலகத்தில் எந்தப் படத்திலும் இருக்க முடியாது. நீ சேமித்து வைத்திருப்பதோ ஒரு பிக்சலுக்கு 242ஐ 16ஆல் பெருக்கி 3872 பிட். ஒரு பேண்டில் இரைச்சல் போக ஐந்து பிட் மிஞ்சலாம். அந்த ஐந்தும் தண்ணீர் ஆழத்தைப் பற்றியோ, கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தைப் பற்றியோ இருந்தால் உனக்கு என்ன பயன்?

ஆகவே இரண்டாவது அளவு ஒன்று எடு. உனக்கு வகை தெரிந்த பிக்சல்களை வைத்துக்கொண்டு, பேண்டுக்கும் வகைக்கும் இடையே உள்ள பரஸ்பரத் தகவல், அதாவது மியூச்சுவல் இன்ஃபர்மேஷன். பேண்டின் மதிப்பைச் சொன்னால் வகையைப் பற்றிய குழப்பம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் அது. தனித்தனியாக நல்ல மதிப்பெண் வாங்கும் பேண்டுகளை அப்படியே அள்ளாதே. 740, 750, 760 மூன்றும் ஒரே பாட்டைத்தான் பாடும். முதல் பேண்டை எடுத்தபின், அது சொல்லாததைச் சொல்லும் பேண்டைத் தேடு.

வகை தெரிந்த பிக்சல் உன்னிடம் எத்தனை இருக்கிறது? 196 பேண்டுக்கு வகைக்கு நாற்பது பிக்சல் என்றால் பேண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து மாறுவதைச் சொல்லும் கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸைத் தலைகீழாக்கவே (இன்வர்ஸ் எடுக்கவே) முடியாது, வகை பிரிக்கும் வழக்கமான கணக்குக்கு அது வேண்டும். பேண்டைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் துல்லியம் இறங்கும் என்று ஹியூஸ் 1968இலேயே காட்டிவிட்டார். படத்தில் தகவல் கூடும், அதைப் பிடித்துக்கொள்ள உன்னிடம் உள்ள மாதிரி போதாது.

வலைக்காரன் மகன் | வெள்ளி, இரவு 8.20

நான் காட்டுக்குப்பம். அப்பா ஆற்றில் வலை போடுகிறவர், நான் ஐடிஐ முடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன், லீவு நாளில் அப்பாவோடு போவேன். லாக், சிக்மா எனக்குத் தெரியாது. எங்கள் ஆற்றைப் பற்றி என்று பார்த்ததால் எல்லாவற்றையும் படித்தேன். ஒன்று கேட்க வேண்டும்.

அந்தப் படம் எந்த வருஷத்துப் படம்?

ஏன் கேட்கிறேன் என்றால், சாம்பல் ஒரே இடத்தில் நிற்காது. சாம்பல் கொண்டுபோகும் குழாய் எங்கே ஓட்டையாகிறதோ அங்கே புதிதாக வாய்க்கால் விழும். மழைக்கு அடித்துக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் சேரும். அப்பா சின்ன வயதில் நாலு ஆள் ஆழம் இருந்தது என்று சொல்லும் இடத்தில் இன்று முட்டளவுதான். நீங்கள் சாதாரணச் சேறு என்று குறித்த இடம் அன்றைக்குச் சேறாக இருந்திருக்கலாம், இன்றைக்குச் சாம்பல்.

இரண்டுக்கும் வித்தியாசம் கால் வைத்தால் தெரியும். ஆற்றுச் சேறு கருப்பாக, பிசின் மாதிரி இருக்கும், காலை உருவும்போது இழுத்துப் பிடிக்கும். அதில் மட்டி இருக்கும், நண்டு வளை இருக்கும். சாம்பல் சேறு மேலே வெளுப்பாகத் தெரியும், கெட்டி என்று நினைத்துக் காலை வைத்தால் முட்டி வரை இறங்கும். பிடிப்பே இருக்காது, மாவு மாதிரி வழுக்கும். காய்ந்தால் காலில் பவுடராக உதிரும். அதில் ஒரு உயிரும் இருக்காது. பல இடத்தில் மேலே நாலு விரல் ஆற்றுச் சேறு, கீழே சாம்பல். அதை உங்கள் படம் பார்க்குமா?

டீச்சர் மூன்றும் சம அளவு என்றால் என்று எழுதியிருக்கிறார்கள். சமமாக இல்லை டீச்சர். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது அலையாத்தி வேரில் ஒரு முழ உயரத்துக்குக் கருப்பாகக் கோடு போட்டிருந்தது. மேலே இருந்து பார்த்தால் அது எவ்வளவு இருக்கும்? ஒன்றுமே இருக்காது. எங்களுக்கு அதற்குப் பிறகு பல வாரம் தொழிலே இல்லை.

கொருக்குப்பேட்டை டீச்சர் | வெள்ளி, இரவு 9.35

தம்பி, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. கணக்காகவே சொல்கிறேன். ஒரு விஷயம் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் இருந்தால், இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியின் என்ட்ரோபி 0.29 பிட்தான். மொத்தப் படத்துக்கும் பிட்டைக் கூட்டிப் பேண்ட் தேர்ந்தெடுத்தால், அந்த ஐந்து பங்கைக் காட்டும் பேண்ட் முதலிலேயே தள்ளுபடியாகிவிடும். பரப்பில் சிறியது என்றால் பிட்டிலும் சிறியதாகத்தான் தெரியும், இந்த அளவுக்கு அதற்கு மேல் தெரியாது. அதனால் எதற்கு எவ்வளவு எடை என்பதை நாம்தான் வெளியே இருந்து கொடுக்க வேண்டும். கழிமுகம், சாம்பலைத் தவறவிடுவது பெரிய தவறு, மணலைச் சேறு என்பது சிறிய தவறு என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டுக் கணக்குப் போடு மா.

பேண்ட்196 | சனி, காலை 7.30

காட்டுக்குப்பம் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு இரவு பழைய ஸ்பெக்ட்ரம் நூலகங்களை (எந்தப் பொருள் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்ற தொகுப்பு) எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிசின் மாதிரி ஒட்டும் சேறு, வழுக்கும் மாவு என்று அவர் எழுதியிருக்கிறாரே, அது ஸ்பெக்ட்ரத்திலும் இருக்கிறது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுச் சேறு ஒட்டுவது களிமண்ணால். களிமண்ணின் படிகத்துக்குள் அலுமினியத்தோடு ஹைட்ராக்சில் கட்டுண்டு கிடக்கும், அது 2200 நானோமீட்டரில் ஒளியை விழுங்கும். ஸ்பெக்ட்ரத்தில் அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும். நிலக்கரியோடும் களிமண் வருகிறது. ஆனால் அது கொதிகலனில் 1000 டிகிரிக்கு மேல் வெந்துவிட்டது. ஹைட்ராக்சில் அதில் பாதி சூட்டிலேயே கழன்றுபோய், மிச்சம் கண்ணாடி உருண்டைகளாக ஆகிவிடும். அந்த உருண்டைகள்தான் தம்பி சொன்ன வழுக்கல். அதனால் சாம்பலுக்கு 2200இல் பள்ளம் கிடையாது. மற்ற இடங்களிலும் அது பெரிதாக எதுவும் காட்டாத தட்டையான சாம்பல் நிறம்தான். கழிமுகம், சேறா சாம்பலா என்ற உன் கேள்விக்கு 196 பேண்டில் நேராகப் பதில் சொல்லக்கூடியவை 2200ஐச் சுற்றியுள்ள நாலைந்துதான்.

துரதிர்ஷ்டம், ஹைபீரியன் மிகவும் தடுமாறுவதும் அங்கேதான். 2100 பக்கம் சிக்னல் இரைச்சல் விகிதம் 40 அளவில்தான் இருந்தது, 550 பக்கம் அது 150க்கும் மேல். 40 என்றால் இரைச்சல் மட்டும் சிக்னலில் இரண்டரை சதவீதம். பள்ளத்தின் ஆழம் ஐந்து சதவீதம் என்று வைத்தால் ஒரு பேண்டில் அது இரண்டு சிக்மாதான், நம்ப முடியாது. பக்கத்து நாலு பேண்டைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகும், பள்ளம் ஓரளவு தலைகாட்டும். சேறு ஈரமாக இருந்தால் தண்ணீர் அந்தப் பகுதியையே இருட்டாக்கிவிடும், பள்ளமும் ஆழம் குறையும், சிக்னலும் குறையும். தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒன்றுமே தெரியாது. மேலே நாலு விரல் சேறு, கீழே சாம்பல் என்பதற்கும் பதில் இல்லைதான் தம்பி. இந்த ஒளி மேல் தோலை மட்டும்தான் பார்க்கும்.

உன் முதல் பட்டியலை நினைத்துப் பார். என்ட்ரோபியை நம்பியிருந்தால் 1400ஐ எடுத்திருப்பாய். இரைச்சலைக் கழித்த பிட்டை நம்பியிருந்தால் 750ஐ எடுத்து, அலையாத்தியை அழகாகப் பிரித்துவிட்டு, சேற்றையும் சாம்பலையும் ஒன்றாகப் போட்டிருப்பாய். பிட் குறைவாக, இரைச்சலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் 2200இல்தான் உனக்கு வேண்டியது இருக்கிறது.

கழிமுகம் | சனி, பிற்பகல் 2.15

வலைக்காரன் அண்ணா கேட்டதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். படம் பழையது அண்ணா. ஹைபீரியனைச் சுமந்த செயற்கைக்கோள் 2000இல் போனது, 2017இல் நிறுத்திவிட்டார்கள். என் படம் அதற்கும் பல வருஷம் முந்தியது. வகை தெரிந்த பிக்சல் என்று நான் வைத்திருப்பவை இப்போதைய கூகுள் படத்தைப் பார்த்துக் குறித்தவை. இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது. நான்கு மாதமாக இரண்டு வெவ்வேறு ஆற்றை ஒன்று என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன், எங்கள் லேபில் யாரும் கேட்கவில்லை.

பழைய படத்தைத் தூக்கிப் போடவில்லை. இரைச்சல் கணக்கைப் பழக அதுவே போதும். ஆனால் சாம்பலுக்குப் புதுப் படம் வேண்டும். எங்கிருந்து வாங்கலாம்?

பேண்ட்196 | சனி, மாலை 4.00

ஜெர்மனியின் என்மேப் செயற்கைக்கோளுக்கு விண்ணப்பம் எழுது. 2022 ஏப்ரலில் ஏவினார்கள். 30 மீட்டர் பிக்சல், 30 கிலோமீட்டர் அகலம், கழிமுகம் முழுக்க ஒரே படத்தில் வரும். ஹைபீரியனுக்கு அகலம் ஏழரைதான். ஆராய்ச்சிக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள், இந்த இடத்தை எடுத்துக் கொடுங்கள் என்றும் கேட்கலாம். 2200இல் அதன் விகிதம் நடுத்தர வெளிச்சமுள்ள தரைக்கு 150க்கு மேல் இருக்க வேண்டும் என்று வைத்துத்தான் கட்டினார்கள். நாற்பதில் இருந்து நூற்று அறுபது என்று வைத்தால் நாலு மடங்கு, உனக்கு வேண்டிய பேண்டிலேயே இரண்டு பிட் கூடுதல். இத்தாலியின் பிரிஸ்மாவும் இருக்கிறது, 2019இல் ஏவியது.

நம் நாட்டு ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் செயற்கைக்கோள் ஹைசிஸ் 2018 நவம்பர் 29 காலை பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்துதான் கிளம்பியது. அன்று எண்ணூர்க் கரையில் நின்று அண்ணாந்து பார்த்த நூறு பேரில் நானும் ஒருவன். அந்தக் கருவி இந்த ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அன்றிலிருந்து ஆசை.

ராயபுரம் லோக்கல் | சனி, மாலை 6.40

புதுப் படம் வந்ததும் முழுப் படத்துக்கும் ஒரே பிட் எண் போடாதே தங்கச்சி. கழிமுகத்தைச் சின்னக் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்குக் கட்டம் தனியாகச் சுருக்கிப் பார். கடல் பாதி உள்ள படத்தில் கடல்தான் சராசரியைத் தீர்மானிக்கும். சுருக்கும் புரோகிராம் என்னிடம் இருக்கிறது, சுத்தம் செய்து இங்கேயே போடுகிறேன்.

வலைக்காரன் மகன் | சனி, இரவு 9.00

எனக்குத் தெரிந்த உதவி ஒன்று செய்யலாம். படம் எடுக்கும் நாளை முன்கூட்டியே சொல்வார்களா? சொன்னால் அன்றைக்கே ஆற்றில் கால் வைத்துப் பார்த்துவிடலாம்.

பேண்ட்196 | சனி, இரவு 9.20

சொல்வார்கள் தம்பி. காலை பதினொரு மணி வாக்கில் மேலே போகும். மேகம் இருந்தால் அன்று படம் கிடைக்காது, அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். 30 மீட்டர் என்பது 900 சதுர மீட்டர், ஒரே வகையாக அவ்வளவு பெரிய இடமாகத் தேட வேண்டும். நடுவில் நின்று ஜிபிஎஸ் எடுத்தால் போதும், ஓரம் வேண்டாம்.

வலைக்காரன் மகன் | சனி, இரவு 9.45

அவ்வளவு பெரிய இடம் சாம்பலுக்கு ஏழெட்டு தெரியும். நல்ல ஆற்றுச் சேறு அந்த அளவுக்கு இப்போது இரண்டோ மூன்றோதான், அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் நாளாகப் பாருங்கள், தண்ணீர் நன்றாக வற்றும். பதினொரு மணிக்கு வற்றியிருக்குமா என்பது நாளுக்கு நாள் மாறும், தேதி தெரிந்தால் அப்பா சொல்லிவிடுவார். சேறு வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு ஒரு மணி நேரமாவது காய விட வேண்டும்.

கழிமுகம் | ஞாயிறு, காலை 7.05

என்மேப் விண்ணப்பத்தை ராத்திரியே எழுதி முடித்துவிட்டேன். அமாவாசையை ஒட்டிய நாட்களைக் கேட்டிருக்கிறேன். வகைப் பட்டியலில் ஒன்றைக் கூட்டியிருக்கிறேன் அண்ணா: மேலே சேறு, கீழே சாம்பல். படத்தில் அது ஆற்றுச் சேறு என்றுதான் வரும் என்று சார் சொல்லிவிட்டார். ஆனால் நாம் கால் வைத்துக் குறித்தால், படம் எவ்வளவு இடத்தைத் தவறாக நல்ல சேறு என்று சொல்கிறது என்பதாவது எண்ணாகக் கிடைக்கும். அந்த எண்ணைத் தீசிஸில் முதல் அத்தியாயத்திலேயே போடப் போகிறேன்.

படகில் எத்தனை பேர் ஏறலாம்? ஜிபிஎஸ், கோணிப்பை, மாதிரி எடுக்க டப்பா எல்லாம் என்னிடம் இருக்கிறது.

வலைக்காரன் மகன் | ஞாயிறு, காலை 7.30

அப்பாவோடு சேர்த்து நாலு பேர். பூட்ஸ் போட்டுக்கொண்டு வராதீர்கள், சாம்பலில் மாட்டிக்கொண்டால் கழற்ற முடியாது. வெறுங்காலோடு வாருங்கள். நல்ல சேற்றில் ஆளிச் சிப்பி ஓடு கீறும், எங்கே வைக்கலாம் என்று அப்பா முன்னால் நடந்து காட்டுவார். ஒரு நீளமான கம்பும் கொண்டுவருகிறேன், நாலு விரலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குத்திப் பார்க்க.